ராக்மானினோஃபின் பழைய தட்டுகளைக் கேட்க எங்கே தொடங்குவது?

ரஷ்யப் பியானோ மேதை ராக்மானினோஃப் வாசித்த பழைய இசைத்தட்டுப் பதிவு ஒன்றை முதன்முதலில் நான் கைபேசியில் போட்டபோது, பக்கத்து அறையில் இருந்த அம்மா எழுந்து மொட்டைமாடிக்குப் போய், கொடியில் கிடந்த துணிகளை அள்ளிக்கொண்டு வந்துவிட்டார். மழை பிடித்துக்கொண்டது என்று நினைத்திருக்கிறார். அது 1919-இல் எடிசன் கம்பெனிக்காகப் பதிவான தட்டு. இரைச்சல் மழைதான், அதற்கு அப்பால் எங்கோ யாரோ தகரப் பெட்டிக்குள் பியானோ வாசிப்பதுபோல இருந்தது. இரண்டு நிமிடம் பொறுத்துப் பார்த்து நிறுத்திவிட்டேன். அடுத்த நான்கைந்து வருஷம் அந்தப் பக்கமே போகவில்லை.

இப்போது யோசித்தால் தொடங்கிய இடம்தான் தப்பு. பழசிலிருந்து புதுசுக்கு வரிசையாகக் கேட்க வேண்டும் என்று ஒரு ஒழுங்கு மனதில் இருந்தது. இந்தத் தட்டுகளுக்கு அது ஆகாது. கடைசியிலிருந்து பின்னோக்கி நடக்க வேண்டும். மேற்கத்திய சங்கீதப் படிப்போ ஸ்வரம் பார்த்து வாசிக்கும் பழக்கமோ தேவையில்லை. ஒரு ஹெட்ஃபோனும், ஒரு வாரத்தின் மாலை நேரங்களும் போதும்.

ஏன் இவர்?

செர்கேய் ராக்மானினோஃப் 1873-இல் ரஷ்யாவில் பிறந்தவர். மாஸ்கோ இசைக்கல்லூரியில் அவருக்குப் பியானோ கற்றுக்கொடுத்தவர்களில் ஒருவர் அலெக்சாண்டர் சிலோட்டி. உறவில் அத்தை மகன். வித்தையில் பியானோ மேதை ஃபிரான்ஸ் லிஸ்ட்டின் நேரடி மாணவர். ஆக, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பியானோ மரபு இரண்டே கைமாறி இவரிடம் வந்திருக்கிறது.

ஆனாலும் நாற்பது வயது தாண்டும்வரை அவர் தன்னை முதலில் இசையமைப்பாளராகவும் அப்புறம் ஆர்க்கெஸ்ட்ராவை வழிநடத்தும் நடத்துநராகவும்தான் நினைத்துக்கொண்டிருந்தார். 1917 புரட்சி எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. சொத்து போயிற்று. அந்த டிசம்பரில் மனைவி, இரண்டு மகள்களுடன் ரஷ்யாவை விட்டுக் கிளம்பினார். 1918 நவம்பரில் நியூயார்க் வந்து சேர்ந்தார். வயது 45. குடும்பம் நடத்தக் கையில் இருந்த ஒரே வழி பியானோ கச்சேரி. அடுத்தவர்கள் எழுதிய இசையை அவர் பெரிய அளவில் பயிற்சி செய்து மேடை ஏறியதே அதற்குப் பிறகுதான். இசைத்தட்டுகளும் அந்தப் பிழைப்பின் ஒரு பகுதி.

புதிதாகக் கேட்பவருக்கு இவரிடம் உள்ள வசதி இது: 1919 முதல் 1942 வரை பதிவு செய்திருக்கிறார். அதாவது மைக் இல்லாமல் ஒரு குழாய்க்குள் வாசித்த காலமும், மைக் வந்த காலமும் ஒரே மனிதரின் கைகளில் கிடைக்கின்றன. கூடவே அளவும் கைக்கு அடக்கம். 1992-இல் ஆர்.சி.ஏ. இசை நிறுவனம் அவருடைய பதிவுகளை முழுத் தொகுப்பாக வெளியிட்டபோது பத்தே சி.டி.களில் அடங்கிவிட்டது. வானொலிக்காக வாசிக்க அவர் சம்மதித்ததே இல்லை என்பதால், மற்ற பியானோக்காரர்களுக்கு இருப்பதுபோல வானொலிக் கச்சேரிப் பதிவுகளின் பெரிய குவியல் ஒன்றும் கிடையாது. தட்டில் இருப்பதுதான் கிட்டத்தட்ட எல்லாம்.

முதல் படி: காதைச் சரி செய்துகொள்ளுங்கள்

கைபேசியின் சொந்த ஸ்பீக்கர் வேண்டாம். அது கீழ் ஸ்வரங்களை விழுங்கிவிட்டு இரைச்சலை மட்டும் துல்லியமாகக் கொடுக்கும். சாதாரண ஹெட்ஃபோன் போதும். ஆனால் அதில் 'பாஸ் பூஸ்ட்', 'சரவுண்ட்', 'த்ரீடி' என்று என்ன பொத்தான் இருந்தாலும் அணைத்துவிடுங்கள். இவை எல்லாம் ஒற்றை ஒலித்தடப் பதிவுகள். இடது காதிலும் வலது காதிலும் ஒன்றேதான் வர வேண்டும். பியானோ உங்கள் தலைக்கு நடுவில் உட்கார்ந்திருப்பதுபோல் கேட்டால் சரி. அறை முழுக்கச் சுழன்று வந்தால் யாரோ கைவைத்திருக்கிறார்கள்.

வால்யூமைப் பற்றி ஒரு வார்த்தை. இரைச்சல் கேட்கிறதே என்று குறைத்துவிடுவதுதான் எல்லோரும் செய்வது. நீங்கள் கொஞ்சம் ஏற்றிப் பாருங்கள். இரைச்சல் ஒரே மாதிரியாக ஓடிக்கொண்டே இருக்கும். பியானோ ஏறி இறங்கும். மாறாமல் இருப்பதைக் காது சீக்கிரமே தள்ளிவைத்துவிடும். ஃபேன் சத்தத்தில் தூங்கிப் பழகிய நமக்கு இது பெரிய வேலையே இல்லை. எனக்கு ஒன்றரை நிமிடம் பிடிக்கும். அதனால் எந்தத் தட்டையும் முதல் ஒன்றரை நிமிடத்தை வைத்து எடைபோடுவதில்லை.

இரண்டாவது படி: 1934-க்குப் போங்கள்

தொடங்க வேண்டிய இடம், 'பகனினியின் கருவில் ராப்சடி'. பியானோவுக்கும் ஆர்க்கெஸ்ட்ராவுக்குமாக ராக்மானினோஃப் அந்த ஆண்டு கோடையில் எழுதியது. 1934 நவம்பர் 7 அன்று பால்டிமோரில் அரங்கேற்றம். டிசம்பர் 24 அன்று, அதாவது ஏழு வாரம்கூட ஆகாத நிலையில், அதே பிலடெல்ஃபியா ஆர்க்கெஸ்ட்ரா, அதே நடத்துநர் ஸ்டோகோவ்ஸ்கி, எழுதியவரே பியானோவில். நியூஜெர்சி மாநிலத்தின் கேம்டனில் விக்டர் இசைத்தட்டுக் கம்பெனி ஸ்டூடியோவாக மாற்றி வைத்திருந்த ஒரு தேவாலயத்தில் பதிவானது. மை காயும் முன்பே தட்டில் ஏறிய இசை என்று சொல்லலாம்.

வயலின் மேதை பகனினியின் ஒரு சின்ன மெட்டை எடுத்துக்கொண்டு 24 விதமாக மாற்றி மாற்றிப் போகும் உருப்படி. பாதிக்கு மேல் போனதும் 18-வது வரும். எங்கோ கேட்டிருக்கிறோமே என்று தோன்றும், அவ்வளவு பிரபலம். பகனினியின் மெட்டை ஏறுமுகத்தை இறங்குமுகமாக, இறங்குமுகத்தை ஏறுமுகமாகத் தலைகீழாகத் திருப்பிப் போட்டதில் பிறந்தது அது. இன்றைக்கு வாசிப்பவர்கள் அந்த இடம் வந்ததும் வண்டியை ஓரம் கட்டிவிட்டு அழ ஆரம்பிக்கிறார்கள். எழுதியவர் அப்படிச் செய்யவில்லை. வலது கையின் பாட்டு கொஞ்சம் நீண்டு சாயும். உடனே அடுத்த வரி அதை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ஓட்டம் நிற்பதே இல்லை. இந்த ஒரு விஷயத்தை மட்டும் முதல் நாள் பிடித்துக்கொண்டால் போதும், மற்றத் தட்டுகள் தானாகத் திறக்கும். ரொமான்டிக் வாசிப்பு என்றாலே உருகி வழிவது என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது பிற்காலத்து வழக்கம்.

மறுநாள் 1929 ஏப்ரலில் பதிவான, அவருடைய இரண்டாவது கான்செர்டோவை (பியானோவும் ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் பெரிய உருப்படி) கேளுங்கள். ஸ்டோகோவ்ஸ்கியும் பிலடெல்ஃபியாவும்தான் மறுபடியும். காலப்பிரமாணம் இன்றைய வழக்கத்தைவிட விறுவிறுப்பு. வயலின்களைக் கவனியுங்கள்: ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்குத் தாவாமல் வழுக்கிக்கொண்டு போகின்றன. நம் காதுக்கு ஜாரு பழக்கம் என்பதால் இது இயல்பாகவே படும். இன்றைய மேற்கத்திய ஆர்க்கெஸ்ட்ராக்களில் இப்படிக் கேட்பது அபூர்வம். அந்தத் தலைமுறையோடு போய்விட்டது.

மூன்றாவது படி: நான்கு நிமிடக் கணக்கு

78 வேகத் தட்டில் பத்து அங்குலத்துக்கு ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடம், பன்னிரண்டு அங்குலத்துக்கு நாலு, நாலரை நிமிடம். அவ்வளவுதான் கொள்ளும். நம் பாட்டி காலத்துக் கிராமபோன் பாட்டெல்லாம் மூன்று நிமிடத்தில் முடிந்ததற்கும் இதுவே காரணம்.

ஆகவே பெரிய உருப்படிகளைத் துண்டு போட்டுத்தான் பதிந்தார்கள். பகனினி ராப்சடி ஆறு பக்கம், மூன்று தட்டு. இப்போது நீங்கள் கேட்பது அந்தத் துண்டுகளை ஒட்டியது. ஓரிடத்தில் இரைச்சலின் நிறம் சட்டென்று மாறினால், பக்கம் புரண்டிருக்கிறது என்று அர்த்தம். மூன்றாவது கான்செர்டோவை 1939-40-இல் நடத்துநர் யூஜின் ஆர்மண்டியுடன் பதிந்தபோது சில பகுதிகளை ராக்மானினோஃப் வெட்டியே விட்டார். முழுதாக வாசித்தால் நாற்பது நிமிடத்தை ஒட்டி வரும் அது, இந்தப் பதிவில் 34 நிமிடம் மாதிரிதான். மேடையிலும் அவர் வெட்டி வாசிப்பதுண்டு, தட்டின் மேல் மட்டும் பழி போட முடியாது. எனக்கு அந்த வெட்டுகள் பிடிக்கவில்லை. சொந்தப் பிள்ளையிடம் அவருக்கு இருந்த பொறுமைக்குறைவு அது. முதல் வாரத்தில் இந்தப் பதிவைத் தொட வேண்டாம்.

வெட்டி ஒட்டும் வசதியும் அன்று கிடையாது. மெழுகுத் தகட்டில் நேராகக் கோடு விழும். நாலாவது நிமிடத்தில் ஒரு ஸ்வரம் பிசகினால் முதலிலிருந்து வாசிக்க வேண்டும். வயலின் மேதை ஃபிரிட்ஸ் கிரைஸ்லருடன் 1928-இல் பெர்லினில் பதிந்த, நார்வே இசையமைப்பாளர் கிரீகின் சொனாட்டா (பல பகுதிகள் கொண்ட உருப்படி) ஆறு பக்கம். ஒவ்வொன்றையும் ஐந்து முறை வாசித்தார்களாம். முப்பது பதிவுகளில் ஆறைத் தேர்ந்தெடுத்து மற்றதை அழித்துவிட்டதாக ராக்மானினோஃபே பிற்பாடு சொல்லியிருக்கிறார். சோதனைப் பதிவு என்றால் பயமில்லை, இதுதான் நிலைத்து நிற்கப் போகிறது என்று தெரிந்ததும் கை இறுகிவிடுகிறது என்றும் சொன்னவர் அவர். கேட்கும்போது இதை நினைவில் வையுங்கள். அங்கங்கே ஒரு தப்பு ஸ்வரம் விழும். விழட்டும்.

நான்காவது படி: ஒரே ஒரு தட்டோடு ஒரு மாலை

பரவலாகக் கேட்டது போதும். ஒன்றை எடுத்து நெருங்கி உட்காருங்கள். என் பரிந்துரை, 1930 பிப்ரவரி 18 அன்று பதிவான, இசையமைப்பாளர் ஷோபனின் இரண்டாவது சொனாட்டா. அதிலும் மூன்றாவது பகுதி, எல்லோருக்கும் தெரிந்த அந்தச் சாவு ஊர்வல இசை.

இடது கையில் இரண்டே இரண்டு கார்டுகள் (பல ஸ்வரங்களை ஒரே அடியில் சேர்த்து ஒலிப்பது) மாறி மாறி வரும். மணி அடிப்பதுபோல. ராக்மானினோஃப் அதைத் தூரத்தில் தொடங்குகிறார். ஊர்வலம் கிட்டே வரவரச் சத்தம் ஏறுகிறது. அப்புறம் நடுவில் ஒரு அமைதியான பகுதி: வெறும் பாட்டு, தாலாட்டு மாதிரி. இதில் அவருடைய வலது கை ஒரே ஆளின் குரல்போல மூச்சு விட்டு மூச்சு எடுத்துப் பாடும். கட்டையைத் தட்டினால் அடங்கிப்போகிற வாத்தியம் இது என்பதே மறந்துவிடும்.

அதற்கு அடுத்த நொடிதான் விஷயம். ஊர்வலம் மறுபடி வருகிறது. ஷோபன் எழுதி வைத்திருப்பது சத்தம் குறைவாகத் தொடங்கு என்று. இவரோ முழு பலத்தோடு அடிக்கிறார். அமைதியாக உட்கார்ந்திருந்த அறையின் கதவு படாரென்று திறந்து, ஊர்வலம் வாசலிலேயே நிற்பதுபோல் இருக்கும். பிறகு அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே போய், தெருமுனையில் தேய்த்துவிடுகிறார். வந்தது, கடந்தது, போனது. எழுதிய தாளை மீறி ஒரு காட்சியே கட்டிவிட்டார். இது அவருடைய சொந்த யோசனையும் அல்ல. முந்தைய தலைமுறை ரஷ்யப் பியானோ மேதை ஆன்டன் ரூபின்ஸ்டைன் அப்படித்தான் வாசிப்பார். சிறுவனாக மாஸ்கோவில் அவருடைய கச்சேரிகளைக் கேட்டவர் ராக்மானினோஃப். ரூபின்ஸ்டைன் 1894-இல் இறந்துவிட்டார். அவர் கை வைத்த விதம் ஒன்று, மாணவப் பருவத்து ஞாபகத்தின் வழியாக, 1930-இன் மெழுகில் விழுந்திருக்கிறது.

இதைத் தாண்டியதும் கடைசிப் பகுதி ஒன்றரை நிமிடம்கூட இருக்காது. இரண்டு கையும் ஒரே வரியை ஒன்றாக ஓட்டும். மெட்டு என்று பிடிக்க எதுவும் கிடையாது. பலரும் வாசிக்கையில் இது விரல் பயிற்சியாகிவிடும். இவர் அலை அலையாக ஊதித் தணிக்கிறார், சமாதிமேல் காற்று வீசுவதுபோல. முதல் முறை புரியாவிட்டால் கவலை வேண்டாம், எழுதப்பட்ட காலத்தில் இசையமைப்பாளர் ஷூமனுக்கே அதை இசை என்று ஒப்புக்கொள்ளக் கஷ்டமாகத்தான் இருந்தது.

வேண்டுமானால் அடுத்து வேறு யாராவது இன்றைய கலைஞர் வாசித்த அதே பகுதியைப் போட்டுப் பாருங்கள். ஒப்பிடும்போதுதான் கட்டுமானம் தெரியும். ஒவ்வொரு உருப்படிக்கும் ஒரு உச்சப்புள்ளி உண்டு, அதை நோக்கித்தான் எல்லாம் அளந்து செலுத்தப்பட வேண்டும், அந்தப் புள்ளி நழுவினால் மொத்தமும் நழுவியது என்பது அவருடைய கொள்கை. இந்தத் தட்டில் அந்தப் புள்ளி எங்கே என்று தேடவே வேண்டாம்.

ஐந்தாவது படி: ஒரே பிரிலூட், மூன்று தடவை

இப்போதுதான் குழாய்க் காலத்துக்குள் போகிறோம். அதற்குச் சரியான பாலம், ராக்மானினோஃபின் சி ஷார்ப் மைனர் பிரிலூட் என்ற சின்னப் பியானோ உருப்படி. 1892-இல், பத்தொன்பது வயதில் எழுதியது. பதிப்பாளரிடமிருந்து நாற்பது ரூபிள் கிடைத்ததோடு சரி. அப்புறம் வாழ்நாள் முழுக்க எந்த ஊர்க் கச்சேரியானாலும் அதை வாசிக்காமல் ஜனங்கள் அவரை விடவில்லை. அவருக்கே அது அலுத்துப்போயிற்று. அந்தப் புகழ் நமக்கு ஒரு நன்மை செய்திருக்கிறது. மூன்று முறை பதிந்திருக்கிறார்: 1919-இல் எடிசனுக்கு, 1921-இல் விக்டருக்கு, 1928-இல் மறுபடி விக்டருக்கு.

1928-ஐ முதலில் கேளுங்கள். இது மைக் வைத்துப் பதிந்தது. மூன்று கனமான அடிகள்: ஏ, ஜி ஷார்ப், சி ஷார்ப். அதன் மேல் மெதுவான கார்டுகள். நடுவில் ஒரு கொந்தளிப்பு. தொடக்கம் திரும்பி வரும்போது இசைத்தாளில் நான்கு வரியில் எழுத வேண்டிய அளவுக்கு முழங்கும், பிறகு அடங்கும்.

அடுத்து 1921. அப்புறம் 1919. இரண்டிலும் மைக் கிடையாது. பெரிய குழாய் ஒன்றின் வாய் பியானோவைப் பார்த்து இருக்கும். அதன் மறுமுனையில் மெல்லிய சவ்வு, சவ்வோடு ஊசி, ஊசிக்குக் கீழே சுழலும் மெழுகு. காற்றின் அதிர்வே நேராக மெழுகைச் செதுக்க வேண்டும். மின்சாரத்துக்கு இதில் வேலையே இல்லை. அதனால் ரொம்பச் சத்தம் குறைவாக வாசித்தால் கோடு விழாது, ரொம்பப் பலமாக வாசித்தால் ஊசி எகிறும். இரண்டுக்கும் நடுவில் ஒரு குறுகிய சந்துக்குள் பியானோக்காரர் தன் முழு வித்தையையும் காட்டியாக வேண்டும். செதுக்கிய மெழுகை உடனே ஓட்டிக் கேட்டால் அது கெட்டுவிடும். தட்டு அச்சாகி வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

இங்கே ஒரு வேடிக்கை. அந்தத் தொடக்கத்தின் மூன்றாவது அடியில் வருவது பியானோவின் அடிமட்டத்து சி ஷார்ப். அதன் அதிர்வு நொடிக்கு சுமார் 35. குழாய்ப் பதிவு ஒழுங்காகப் பிடிக்கத் தொடங்குவதே சுமார் 170-க்கு மேல்தான். அப்படியென்றால் அந்த அடிப்படை ஸ்வரம் 1919 தட்டில் இல்லவே இல்லை. ஆனாலும் உங்களுக்குக் கேட்கும். மேலே ஒலிக்கும் துணை ஸ்வரங்களை வைத்து மூளை அடித்தளத்தைத் தானே கட்டிக்கொள்கிறது. நான் முதலில் கேட்ட தகரப் பெட்டி இதுதான். மூன்றையும் பின்னோக்கிக் கேட்டு வந்தவர்களுக்குத் தகரம் பாதி மறைந்துவிடும், ஏனென்றால் 1928 காதில் இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கும்.

1925 வாக்கில்தான் மைக் வந்தது. அதனால் ஒரு பதிவின் ஆண்டைப் பார்த்ததுமே என்ன எதிர்பார்க்கலாம் என்று தெரிந்துகொள்ளலாம்.

ஆறாவது படி: எந்தப் பிரதி?

இது சலிப்பூட்டும் வேலை, ஆனால் தப்பிக்க முடியாது. யூடியூபில் ஒரே தட்டுக்குப் பத்துப் பதினைந்து பிரதிகள் இருக்கும். பழைய தட்டைக் கணினிக்கு மாற்றுவதை டிரான்ஸ்ஃபர் என்பார்கள். அதைச் செய்தவரின் காதுதான் நீங்கள் கேட்பதைத் தீர்மானிக்கிறது.

இரைச்சலே இல்லாத பிரதியைப் பார்த்து ஏமாற வேண்டாம். இரைச்சலைத் துடைக்கும்போது அதோடு சேர்ந்து பியானோவின் மேல் ஸ்வரங்களும் போகும். அடி விழுந்ததும் ஒலி தேயும் அந்த வால் போகும். மிச்சம் இருப்பது தண்ணீருக்கு அடியில் வைத்த பியானோ. அப்பளத்தின் எண்ணெயைத் துடைக்கிறேன் என்று அப்பளத்தையே நொறுக்கிவிட்ட கதை. நல்ல டிரான்ஸ்ஃபரில் ஒரு சீரான 'உஸ்' இருக்கத்தான் செய்யும். வார்ட் மார்ஸ்டன், மார்க் ஓபர்ட் தார்ன் என்ற இரண்டு பெயர்களில் எது தென்பட்டாலும் நம்பி எடுக்கலாம். நாக்சோஸ் நிறுவனத்தின் பழைய பதிவு வரிசையில் இவர்கள் வேலையைப் பார்க்கலாம். மார்ஸ்டன் பார்வையற்றவர், தானே பியானோ வாசிப்பவர். இவர்கள் செய்வதற்குப் பக்கத்தில் மலிவுத் தொகுப்புகள் நிற்காது. ஒருமுறை அப்படி ஒரு தொகுப்பை வாங்கினேன்; தேவாலயத்துக் கிணற்றிலிருந்து வாசிப்பதுபோல எதிரொலி சேர்த்திருந்தார்கள். யாருக்காவது கொடுக்கலாம் என்றால் மனசு வரவில்லை.

வேகத்தையும் சோதியுங்கள். 78 என்று பெயர்தானே தவிர எல்லாத் தட்டும் அந்த வேகத்தில் பதியப்பட்டதில்லை. எடிசன் தட்டின் வேகம் 80. அதை 78-இல் ஓட்டினால் அரை ஸ்வரத்தில் ஏறக்குறைய பாதி இறங்கிவிடும், காலப்பிரமாணமும் தொய்யும். ஆறு சதவீதம் பிசகினால் முழுசாக அரை ஸ்வரம் மாறும். கண்டுபிடிக்கச் சுலப வழி: கைபேசியில் ஒரு சுருதி பார்க்கும் செயலியைத் திறந்து பிரிலூட்டை ஓட்டுங்கள். நிலைக்கும் இடத்தில் சி ஷார்ப் காட்ட வேண்டும். சி என்றோ டி என்றோ காட்டினால் அந்தப் பிரதியை விட்டுவிடுங்கள். நீண்ட ஸ்வரம் ஆடி ஆடிக் கேட்டால், தட்டின் நடுத்துளை விலகியிருந்திருக்கிறது; அதைத் திருத்தாமலே ஏற்றியிருக்கிறார்கள்.

தேதி சரிபார்க்க வேண்டுமானால் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்டா பார்பரா வளாகம் நடத்தும் அமெரிக்கப் பழைய ஒலிப்பதிவுப் பட்டியலில் கலைஞர் பெயர் போட்டுத் தேடலாம். எந்த நாளில் எத்தனை தடவை வாசித்தார் என்பதுவரை கிடைக்கும். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் நேஷனல் ஜூக்பாக்ஸ் தளத்தில் விக்டரின் குழாய்க் காலத் தட்டுகளை இலவசமாகவே கேட்கலாம். தட்டின் படம் கண்ணில் பட்டால், லேபிளுக்கும் வரிகளுக்கும் இடைப்பட்ட வழவழப்பான வளையத்தைப் பாருங்கள். முட்டை வடிவத்துக்குள் 'விஇ' என்ற இரண்டு ஆங்கில எழுத்து பொறித்திருந்தால் அது மைக் வைத்துப் பதிந்த விக்டர் தட்டு. பதிவு எண் 'பி' என்று தொடங்கினால் பத்து அங்குலம், 'சி' என்றால் பன்னிரண்டு.

எடிசன் தட்டுகளில் இன்னொரு குழப்பம் உண்டு. ஒரே உருப்படியின் வெவ்வேறு வாசிப்புகளை அந்தக் கம்பெனி மாற்றி மாற்றி வெளியிட்டது. லிஸ்ட்டின் இரண்டாவது ஹங்கேரிய ராப்சடியின் இரண்டு பிரதிகள் ஒன்றுபோல் இல்லை என்றால் உங்கள் காது பழுதில்லை. 1920-லேயே ராக்மானினோஃப் விக்டருக்குப் போய்விட்டார்.

ஏழாவது படி: இனி நீங்களே

இவ்வளவு ஆன பிறகு குழாய்க் காலத்துச் சின்னத் தட்டுகள் இனிக்கத் தொடங்கும். அந்த ஹங்கேரிய ராப்சடியில் முடிவுக்கு முன்னால் கலைஞரின் கற்பனைக்கு என்று விட்ட இடத்தில் ராக்மானினோஃப் சொந்தமாக எழுதிச் சேர்த்த பகுதியைத் தேடிப் பிடியுங்கள். 1920-இல் பதிந்த ஜி மேஜர் பிரிலூட், ஓபஸ் 32, எண் 5, எனக்கு ரொம்பப் பிடித்தது. மெல்லிய இசையை அந்தக் குழாய் எப்படிப் பிடித்தது என்பதே ஆச்சரியம். ஷூமனின் 'கார்னவால்' (1929), 1942 பிப்ரவரியில் ஹாலிவுட்டில் நடந்த கடைசிப் பதிவுகளில் வந்த கிரைஸ்லரின் 'லீபஸ்ஃப்ராய்ட்' இவற்றை எந்த வரிசையிலும் கேட்கலாம். மறு ஆண்டு மார்ச்சில் அவர் காலமானார்.

பியானோ ரோல் என்று ஒன்று எதிர்ப்படும், கவனம். ஆம்பிகோ கம்பெனிக்காக 1919 முதல் 1929 வரை 35 ரோல்கள் செய்திருக்கிறார். காகிதச் சுருளில் துளை. அந்தத் துளைப்படி தானாக ஓடும் பியானோ. இன்றைக்கு ஒரு நல்ல பியானோவில் அதை ஓட்டிப் பதிந்து, 'ராக்மானினோஃப் வாசிக்கிறார், அற்புதமான ஒலித்தரம்' என்று போடுவார்கள். ஒலி அற்புதம்தான். ஆனால் சுருளில் பிற்பாடு திருத்தம் செய்ய முடியும். விரலின் அழுத்தம், பெடலின் அரைகுறை நிலைகள் எல்லாம் கருவியின் கணக்குக்கு உட்பட்டவை. ரோல் அவருடைய கையெழுத்தின் தட்டச்சுப் பிரதி மாதிரி. ஒரே உருப்படியின் ரோலையும் தட்டையும் அடுத்தடுத்துப் போட்டால், இரைச்சல் உள்ளதில்தான் ஆள் இருக்கிறார் என்று புரியும்.

கடைசியாக ஒன்றைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். 1940 டிசம்பர் 21 அன்று ஆர்மண்டியின் வீட்டில், அரங்கேற இரண்டு வாரமே இருந்த தன் 'சிம்ஃபோனிக் டான்சஸ்' எப்படி ஒலிக்க வேண்டும் என்று ராக்மானினோஃப் பியானோவில் வாசித்துக் காட்டினார். அது பதிவானது. ஆர்மண்டியின் சேகரிப்பில் கிடந்த அந்தப் பதிவை 2018-இல்தான் மார்ஸ்டன் வெளியிட்டார். முழு ஆர்க்கெஸ்ட்ராவையும் பத்து விரலில் அடக்கி, ஒழுங்கான வரிசையெல்லாம் பார்க்காமல் இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் என்று தாவித் தாவிப் போகிறார். ஸ்டூடியோவில் இறுகும் கை இங்கே இறுகவில்லை. தட்டுகளில் அளந்து அளந்து வாசித்த மனிதர் இங்கே கூடவே பாடுகிறார், கரகரப்பாக.

இதை நான் ஹெட்ஃபோன் இல்லாமல் போட்டிருந்த ஒரு சாயங்காலம் அம்மா எட்டிப் பார்த்தார். மழை என்று நினைக்கவில்லை இந்த முறை. "யாருடா அது, வாசிச்சுக்கிட்டே முனகுறது?" என்றார்.